மசோதாவை எந்தக் குழுவுக்கு அனுப்பினார்கள்?

போன மாதம் ஒரு விதைத் திருவிழாவில் எங்கள் குழுவின் மேசை முன்னால் ஒரு அக்கா வந்து நின்றார். காட்டுயானம் இரண்டு கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏண்ணே, புதுசா விதைச் சட்டம் வந்துருச்சாமே? இனி இந்த மாதிரி விதை குடுத்தா வாங்குனா கேஸ் போட்டுருவாங்களாம்ல?”

“இன்னும் சட்டம் ஆகலைக்கா. வரைவுதான் விட்டிருக்காங்க. இனிமேத்தான் நாடாளுமன்றத்துக்கு வரணும்” என்றேன்.

பக்கத்தில் முளைப்புத்திறன் பார்க்க ஈரச்சாக்கில் விதையைச் சுருட்டிக்கொண்டிருந்த எங்கள் மூத்த தோழர், நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: “வரட்டும். வந்தப்புறம் பாத்துக்கலாம். மூணு சட்டத்தையே ஓட வெச்சோம்ல.”

அக்கா சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று சட்டங்களை விரட்டியது உண்மைதான். அதற்கு என்ன விலை கொடுத்தோம்? 2020 நவம்பர் 26 தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் சிங்கு, டிக்ரி, காஜிபூர் எல்லைகளில் உழவர்கள் குளிரிலும் மழையிலும் வெயிலிலும் கிடந்தார்கள். எழுநூறு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள் என்று சம்யுக்த கிசான் மோர்ச்சா சொன்னது. “வந்தப்புறம் பாத்துக்கலாம்” என்பதன் விலை இதுதான். ஒவ்வொரு சட்டத்துக்கும் இந்த விலையைக் கொடுக்க நம்மால் முடியுமா?

நட்ட வயலில் களை எடுப்பதைவிட நாற்றங்காலில் எடுப்பது சுலபம் என்று நமக்குத் தெரியும். சட்டத்துக்கும் ஒரு நாற்றங்கால் உண்டு. நாடாளுமன்றக் குழு என்று அதற்குப் பெயர். அங்கே என்ன நடக்கிறது என்று நம் இயக்கத்துக்காரர்களில் நிறையப் பேருக்குத் தெரியாது. சில வருடங்களுக்கு முன்புவரை எனக்கும் தெரியாது.

உள்ளே வரும் வழி

முதலில் அமைச்சகம் ஒரு வரைவு எழுதுகிறது. 2014-இல் மத்திய அரசு ஒரு கொள்கை முடிவு எடுத்தது: எந்தச் சட்ட வரைவையும் குறைந்தது 30 நாள் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். இது கொள்கைதான், சட்டம் இல்லை. கேட்டாலும் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். 2025 நவம்பரில் வேளாண் அமைச்சகம் வெளியிட்ட விதை மசோதா வரைவுக்கு டிசம்பர் 11 வரை நேரம் கொடுத்தார்கள். நம்மில் எத்தனை பேர் எழுதினோம்? எழுதியவர்களுக்கும் அந்தக் கடிதம் எந்த அதிகாரியின் மேசையில் எந்தக் கட்டில் இருக்கிறது என்று தெரியாது. எதை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள் என்று நமக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் அமைச்சகத்துக்கு இல்லை.

அடுத்து அமைச்சரவை ஒப்புதல். அதன் பிறகு மசோதா மக்களவையிலோ மாநிலங்களவையிலோ அறிமுகமாகிறது. அமைச்சர் எழுந்து, “இந்த மசோதாவை அறிமுகப்படுத்த அனுமதி வேண்டும்” என்று கேட்பார். எதிர்ப்பவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் சில நிமிடம் பேசலாம். இந்தச் சட்டம் போட நாடாளுமன்றத்துக்கே அதிகாரம் இல்லை என்பது எதிர்ப்பின் காரணமாக இருந்தால், முழு விவாதத்துக்கே அவைத்தலைவர் அனுமதிக்கலாம். வேளாண்மை மாநிலப் பட்டியலில் 14-ஆவது இனம் என்பதால் நம்முடைய மசோதாக்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். பிறகு குரல் வாக்கு. ஐந்து நிமிடத்தில் அறிமுகம் முடிந்துவிடும். மறுநாள் பேப்பரில் “மசோதா தாக்கல்” என்று நான்கு வரி வரும்.

அந்த நான்கு வரியில் நாம் தேட வேண்டிய சேதி ஒன்று உண்டு. மசோதாவைக் குழுவுக்கு அனுப்பினார்களா? அனுப்பினால் எந்தக் குழுவுக்கு?

இதற்கு மூன்று வழி இருக்கிறது. அவையிலேயே நேராக எடுத்து விவாதித்து நிறைவேற்றுவது ஒன்று. அந்த ஒரு மசோதாவுக்காக மட்டும் தெரிவுக்குழுவோ இரண்டு அவையும் சேர்ந்த கூட்டுக்குழுவோ அமைத்து அனுப்புவது இன்னொன்று. மூன்றாவது, ஏற்கெனவே இருக்கும் துறைசார் நிலைக்குழுவுக்கு அனுப்புவது. மக்கள் கருத்தை அறிய நாடு முழுக்கச் சுற்றுக்கு விடுவது என்று விதிப்புத்தகத்தில் நான்காவதாகவும் ஒன்று உண்டு. அது இப்போது வழக்கத்தில் இல்லாதது போலத்தான்.

நிலைக்குழுக்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1989-இல் சோதனையாக மூன்று குழுக்களோடு ஆரம்பித்தார்கள். அந்த முதல் மூன்றில் ஒன்று வேளாண்மைக்கு. 1993-இல் எல்லாத் துறைக்கும் 17 குழுக்களாக ஆக்கி, 2004-இல் 24-ஆக உயர்த்தினார்கள். ஒவ்வொரு குழுவிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், அமைச்சர்களைக் கழித்துவிட்டால் ஏறக்குறைய ஒவ்வொரு எம்.பி.யும் ஏதோ ஒரு குழுவில் இருந்தாக வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி. எந்தக் குழுவில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? போன தேர்தலில் நம் ஊரில் ஓட்டுக் கேட்டு வந்தபோது யாராவது கேட்டோமா?

குழு மூடிய அறையில் கூடும். கேமரா இல்லாததால் கட்சிக்காரர்கள் கொஞ்சம் மனுஷத்தனமாகப் பேசுவார்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதுண்டு. அமைச்சகச் செயலாளரைக் கூப்பிட்டுப் பிரிவு பிரிவாகக் கேள்வி கேட்பார்கள். நமக்கு முக்கியமானது இது: பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம் என்று கூப்பிடுவார்கள். நேரில் சாட்சியம் சொல்லவும் அழைப்பார்கள். ஒரு விவசாயச் சங்கத்துக்காரர் நாடாளுமன்ற வளாகத்தில் உட்கார்ந்து, அமைச்சகம் எழுதிய மசோதாவில் இந்த வார்த்தை தப்பு என்று சொல்ல முறையாகக் கிடைக்கிற இடம் இது. வேறு எங்கேயும் அது கிடையாது.

ஆறு நாள்

2020-இல் என்ன செய்தார்கள் என்பதை இந்தக் கண்ணோட்டத்தில் திரும்பப் பாருங்கள்.

ஜூன் 5-ஆம் தேதி, ஊரடங்கு நேரத்தில், மூன்று அவசரச் சட்டங்கள் வந்தன. அவசரச் சட்டம் என்றால் கரு தரித்து, பிறந்து, நடமாடத் தொடங்கிய பிறகுதான் நாடாளுமன்றத்துக்குச் சேதி போகும். செப்டம்பர் 14-ஆம் தேதி மூன்று மசோதாக்களும் மக்களவையில் அறிமுகம். 15-ஆம் தேதி அத்தியாவசியப் பொருட்கள் திருத்த மசோதாவும், 17-ஆம் தேதி மற்ற இரண்டும் மக்களவையில் நிறைவேறின. அன்றே ஹர்சிம்ரத் கவுர் பாதல் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். 20-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அந்த இரண்டும் மாநிலங்களவையில்.

மாநிலங்களவையில் திருச்சி சிவா உள்ளிட்ட சில உறுப்பினர்கள் மசோதாவைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்பத் தீர்மானம் கொடுத்திருந்தார்கள். வாக்குகளை எண்ணிப் பார்க்கச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு உறுப்பினர் கேட்டாலும் வாக்கை எண்ண வேண்டும் என்பது நீண்ட மரபு. துணைத்தலைவர் ஹரிவன்ஷ் எண்ணவில்லை, குரல் வாக்கிலேயே முடித்தார். அவையில் ஒரே அமளி, உறுப்பினர்கள் தங்கள் இருக்கையிலிருந்து கேட்கவில்லை என்பது அவைத் தரப்பு விளக்கம். இருக்கையிலிருந்துதான் கேட்டோம் என்றார்கள் அவர்கள். மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 27-ஆம் தேதிக்குள் குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆகிவிட்டது.

மக்களவையில் அறிமுகமானதிலிருந்து மாநிலங்களவை தாண்டும்வரை ஆறு நாள். நாற்றங்காலில் தெளித்த விதை பச்சை காட்டுவதற்குள் நாடு முழுமைக்குமான இரண்டு வேளாண் சட்டங்கள் நட்டு முடிக்கப்பட்டன.

அன்றைக்கு டிவியில் நாம் பார்த்தது விதிப்புத்தகம் கிழிபட்டதையும் மைக் உடைந்ததையும்தான். சண்டை எதற்காக என்று நாம் பேசவில்லை. குழுவுக்கு அனுப்பு என்பதற்காக அந்தச் சண்டை. அனுப்பியிருந்தால் மூன்று மாதமோ ஆறு மாதமோ தள்ளிப் போயிருக்கும். சந்தைக்கட்டணம் இல்லாத வியாபாரப் பகுதி வந்தால் மண்டி என்ன ஆகும், ஒப்பந்தத் தகராறில் சிவில் கோர்ட்டுக்குப் போகக் கூடாது என்று ஏன் எழுதினீர்கள் என்று பஞ்சாப் உழவரும் தஞ்சாவூர் உழவரும் குழு முன்னால் கேட்டிருப்பார்கள். பதில் பதிவாகியிருக்கும். அப்போதும் அரசு நினைத்ததைச் செய்திருக்கலாம். ஆனாலும் அந்தப் பேச்சு டிராக்டர்களோடு எல்லைக்குப் போவதற்கு முன்னால் நடந்திருக்கும்.

ஒரு விஷயத்தை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பர் 29-ஆம் தேதி, அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதாவும் ஒரே நாளில், இரண்டு அவையிலும், விவாதமே இல்லாமல் நிறைவேறியது. நாம் பட்டாசு வெடித்தோம். நானும்தான். குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் என்ற கோரிக்கையை அவையில் பேச வைத்திருக்க வேண்டிய நாள் அது. அதையும் விவாதம் இல்லாமலே தாண்டிப் போனார்கள், நாமும் போக விட்டோம்.

குழு எழுதிக் கொடுத்த உரிமை

குழுவுக்கு அனுப்பினால் மட்டும் என்ன கிழிந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒரு பிரிவு எண்: 39(1)(iv).

2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது இந்தப் பிரிவு. பதிவு பெற்ற ரகமாகவே இருந்தாலும், உழவர் தன் விளைச்சலையும் விதையையும் சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பரிமாறலாம், பகிரலாம், விற்கலாம் என்கிறது. வணிக முத்திரையிட்ட விதையாக விற்கக் கூடாது என்பது மட்டும்தான் தடை. அந்த முத்திரைக்கும் சட்டமே விளக்கம் சொல்கிறது: இந்தச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட ரகம் இது என்று காட்டும்படி லேபிள் ஒட்டிப் பொட்டலம் போட்டு விற்பது. விளக்கம் அவ்வளவு குறுகலாக இருப்பதில்தான் நமக்குப் பாதுகாப்பு.

இந்த மசோதா 1999 டிசம்பரில் மக்களவைக்கு வந்தபோது இப்படி இல்லை. விதை உருவாக்குபவரின் உரிமையே பெரிதாக இருந்தது, உழவர் உரிமை ஒரு சிறு விதிவிலக்கு போல ஓரமாக இருந்தது. மசோதா கூட்டுக்குழுவுக்குப் போனது. தலைவர் சாகிப் சிங் வர்மா, அன்றைய ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர். உழவர் அமைப்புகளும் அறிவியலாளர்களும் கம்பெனிகளும் வந்து பேசினார்கள். 2000 ஆகஸ்ட்டில் குழு திருப்பிக் கொடுத்த மசோதாவில் உழவர் உரிமை தனி அத்தியாயமாக வளர்ந்திருந்தது. விதை ஏமாற்றினால் இழப்பீடு கேட்கும் உரிமை, தெரியாமல் செய்த மீறலுக்கு உழவரைத் தண்டிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு எல்லாம் அந்தக் கட்டத்தில் பலப்பட்டவை. 2001-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது அந்தத் திருத்திய மசோதாவைத்தான்.

இது நடந்து பதினெட்டு வருடம் கழித்து, 2019-இல், பெப்சிகோ கம்பெனி குஜராத் உருளைக்கிழங்கு உழவர்கள் மேல் வழக்குப் போட்டது. தன் பதிவு பெற்ற ரகத்தை அனுமதியில்லாமல் பயிரிட்டார்கள் என்று, நான்கு சிறு உழவர்களிடம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. அவர்கள் பக்கம் நின்றவர்கள் கையில் எடுத்த ஆயுதம் அந்த 39(1)(iv). எதிர்ப்பு பலத்ததும் 2019 மே மாதம் கம்பெனி வழக்குகளைத் திரும்பப் பெற்றது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மூடிய அறையில் யாரோ போராடிச் சேர்த்த வரி, குஜராத்தில் நான்கு குடும்பங்கள் தெருவுக்கு வராமல் காப்பாற்றியது.

அடுத்து விதை மசோதா 2004. நம் இயக்கத்தின் பழைய ஆட்களுக்கு இது மறக்காது. 2004 டிசம்பரில் மாநிலங்களவையில் அறிமுகமானது. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம் அரசு அறிவித்த ரகங்களை மட்டும்தான் கட்டுப்படுத்துகிறது. புது மசோதா, விற்பனைக்கு வரும் எல்லா ரகமும் பதிவு ஆக வேண்டும் என்றது. உழவருக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அவர் விற்கும் விதையும் குறைந்தபட்சத் தரத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு கொக்கி போட்டிருந்தது. விதை ஆய்வாளர் வாரண்ட் இல்லாமல் நுழைந்து சோதனை போடலாம், கதவையோ குதிரையோ உடைத்துத் திறக்கலாம் என்றும் இருந்தது. விதை மோசம் போனால்? நுகர்வோர் மன்றத்துக்குப் போ என்றது.

குறைந்தபட்சத் தரம் என்றால் என்ன என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சான்று பெற்ற நெல் விதைக்கு முளைப்புத்திறன் 80 சதவீதம், புறத்தூய்மை 98 சதவீதம். இனத்தூய்மை என்று இன்னொன்று. நம் மரபு ரகங்களில் பலவற்றுக்கு விதை உறக்கம் உண்டு. அறுத்த கையோடு ஆய்வகத்தில் முளைக்கப் போட்டால் பாதிகூட முளைக்காது, இரண்டு மாதம் கழித்துப் போட்டால் ஜம்மென்று வரும். ஒரே வயலில் கதிர் நீளமும் உயரமும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதுதான் அந்த ரகத்தின் உயிர். ஆய்வகத்து அளவுகோலில் அது கலப்படம். அப்படி ஒரு வரியை அப்படியே சட்டமாக்கியிருந்தால் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அண்ணன் தொடங்கிவைத்த ஏற்பாடு, அதாவது இரண்டு கிலோ வாங்கிப் போய் அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுப்பது, என்னவாகியிருக்கும்?

மசோதா வேளாண்மைக்கான நிலைக்குழுவுக்குப் போனது. தலைவர் ராம் கோபால் யாதவ். 2006 நவம்பரில் அறிக்கை வந்தது. உழவர் உரிமையை 2001 சட்டத்தோடு ஒத்துப்போகும்படி தெளிவாக்கச் சொன்னது. இழப்பீட்டுக்கு உழவருக்கு எட்டுகிற ஏற்பாடு கேட்டது. அரசு பிறகு கொண்டுவந்த திருத்தங்களில் உழவர் விதைக்குத் தரக் கட்டாயம் இல்லை என்பதும், இழப்பீட்டுக்குத் தனிக்குழு என்பதும் இடம்பெற்றன. மசோதா நிறைவேறவே இல்லை. மாநிலங்களவையில் அறிமுகமாகி அங்கேயே கிடக்கும் மசோதா, மக்களவை கலைந்தாலும் காலாவதி ஆகாது. அதனால் கிணற்றில் போட்ட கல் மாதிரி வருடக்கணக்கில் கிடந்தது. குழுவில் நேரம் கிடைத்ததால்தான் நாடு முழுக்க விதைக் காப்பாளர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்துச் சேர முடிந்தது. இந்த இருபது வருட விதைத் திருவிழாக்களும் அந்த இடைவெளியில் வளர்ந்தவைதான்.

எந்தக் குழு என்பதுதான் சூட்சுமம்

இதையெல்லாம் படித்துவிட்டு, குழு என்றாலே நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அரசுக்கும் இது தெரியும்.

பல்லுயிர் திருத்த மசோதா 2021 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. சுற்றுச்சூழலுக்கென்று நிலைக்குழு ஏற்கெனவே இருக்கிறது, அப்போது அதன் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜெய்ராம் ரமேஷ். அங்கே அனுப்பாமல் புதிதாக ஒரு கூட்டுக்குழு அமைத்து ஆளுங்கட்சி எம்.பி. தலைமையில் அனுப்பினார்கள். ரமேஷ் எழுத்திலேயே ஆட்சேபித்தார். 2023 மார்ச்சில் வனப் பாதுகாப்புத் திருத்த மசோதாவுக்கும் அதே பாணி. அந்தக் கூட்டுக்குழு ஜூலையில் மசோதாவில் ஒரு மாற்றமும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தது, எதிர்ப்புக் குறிப்புகள் பின்னிணைப்பாகப் போயின. இரண்டு மசோதாவும் அந்த ஜூலை, ஆகஸ்ட்டிலேயே சட்டமாகிவிட்டன. குழுவுக்குப் போனது, கருத்துக் கேட்டார்கள், சடங்கு முடிந்தது.

நிலைக்குழு வருடம்தோறும் எல்லாக் கட்சிக்கும் பங்கு வைத்து அமைவது. தலைவர் பதவியும் எதிர்க்கட்சிகளுக்குப் போகும். ஒரு மசோதாவுக்கென்று கட்டும் கூட்டுக்குழுவில் யார் உட்கார வேண்டும் என்பதை அந்த மசோதாவைக் கொண்டு வருபவர்களே பெரும்பாலும் தீர்மானிக்கிறார்கள். வித்தியாசம் இவ்வளவுதான். சாகிப் சிங் வர்மா குழு போல நல்ல கூட்டுக்குழுவும் உண்டு, ஆனால் அதை நம்பி வண்டி பூட்ட முடியாது.

2015 நிலம் கையகப்படுத்தும் திருத்த மசோதா வேறு கதை. அவசரச் சட்டமாக வந்து, மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் எண்ணிக்கை இல்லாமல் முட்டிக்கொண்டு நின்றது. வேறு வழியில்லாமல் மே மாதம் கூட்டுக்குழுவுக்கு அனுப்பினார்கள். அங்கே உழவர் அமைப்புகள் ஒன்று விடாமல் எதிர்த்தன. ஆகஸ்ட் 31-ஆம் தேதி அவசரச் சட்டத்தைக் காலாவதியாக விட்டார்கள். குழு இழுத்துக்கொண்டே போய், 2019-இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் செத்தது. நம் நிலத்தைக் காப்பாற்றியதில் அந்தக் குழுவுக்கும் பங்கு உண்டு. ஆனால் நாம் அதை யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மொத்தக் கணக்கையும் பார்ப்போம். மசோதாக்களைத் தொடர்ந்து கவனிக்கும் பி.ஆர்.எஸ். அமைப்பின் கணக்குப்படி, 2004–09 மக்களவைக் காலத்தில் 60 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 2009–14-இல் 71 சதவீதம். 2014–19-இல் அது ஏறக்குறைய கால்பங்காகச் சுருங்கியது. 2019–24-இல் 16 சதவீதம். எதை அனுப்புவது என்பது அவைத்தலைவர் முடிவு என்பது விதி. ஆளும் தரப்பு விரும்பாத மசோதா குழுவுக்குப் போவது அபூர்வம் என்பது நடைமுறை. குழு சொல்வது அரசைக் கட்டுப்படுத்தாது என்பதும் உண்மைதான். அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு தவிர்க்கிறார்கள் என்று யோசித்தால், அந்த அறையில் ஏதோ ஒன்று நடக்கிறது என்பது புரியும்.

நம் பக்கத்து வேலை

2025 விதை வரைவுக்கு வருகிறேன். அந்த அக்காவுக்கு நான் முழுசாகச் சொல்லாத பதில் இது. வணிகப் பெயர் இல்லாமல் உழவர் தன் விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் விற்கவும் வரைவு அனுமதிக்கிறது. அதனால் நாளைக் காலையில் யாரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை. வாட்ஸப்பில் வருவதுபோல “மரபு விதை வைத்திருந்தால் ஜெயில்” என்று நாம் பரப்பினால், குழு முன்னால் போய் நிற்கும்போது முதல் கேள்வியிலேயே நம் மானம் போகும்.

கேள்விகள் வேறு இடத்தில் இருக்கின்றன. விலக்கு ஒரு தனி உழவருக்கா, முப்பது பெண்கள் சேர்ந்து நடத்தும் விதை வங்கிக்கும் உண்டா? உழவர் உற்பத்தியாளர் கம்பெனி விற்றால் அது வியாபாரியா, உழவரா? பையின் மேல் “மாப்பிள்ளைச் சம்பா, இன்ன ஊர் இயற்கை உழவர் குழு” என்று எழுதினால் அது வணிகப் பெயரா? 2001 சட்டத்தின் குறுகலான விளக்கத்தை இங்கேயும் வைப்பார்களா? இரண்டுக்கு நான்கு கிலோ என்பது பரிமாற்றமா, விற்பனையா? முளைக்காத கம்பெனி விதைக்கு இழப்பீட்டை யார், எத்தனை நாளில் கொடுப்பது? உரிய பருவம் போன பிறகு வரும் காசு எதற்கு?

மசோதா அறிமுகமானதும் வேளாண்மைக்கான நிலைக்குழுவுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று, அறிமுகத்துக்கு முன்னாலேயே, ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் எம்.பி.க்களுக்குக் கடிதம் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39, மாநிலங்களவையில் 18. மொத்தம் 57 கடிதம், கணக்குப் பெரிசில்லை. எந்தக் கட்சி என்று பார்த்து ஒதுக்காதீர்கள். 2012-இல் மரபணு மாற்றுப் பயிர்கள் பற்றி வாசுதேவ் ஆச்சார்யா தலைமையிலான வேளாண் நிலைக்குழு கடுமையான அறிக்கை கொடுத்தபோது, அன்றைய ஆளுங்கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் விதர்பா கிராமங்களுக்குப் போய் பருத்தி உழவர்களை நேரில் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

குழுவுக்குப் போனபின் விளம்பரம் வரும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம்தான் அவகாசம். ஆங்கிலத்திலோ இந்தியிலோ அனுப்பச் சொல்வது வழக்கம். இது ஒரு அநியாயம், இதைத் தனியாகக் கேட்க வேண்டும், ஆனால் அதற்காகக் காத்திருக்க முடியாது. ஊருக்கு ஒரு கல்லூரிப் பிள்ளை இருக்கிறது, எழுதிக் கொடுக்கும். இயற்கை விவசாயம் நல்லது, பூச்சிமருந்து கெட்டது என்று நாலு பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். பிரிவு எண், அதில் உள்ள வார்த்தை, அதற்குப் பதில் நாம் கேட்கும் வார்த்தை, அதற்கு நம் வயலிலிருந்து ஒரு காரணம். இவ்வளவு போதும். நேரில் வந்து சொல்லத் தயார் என்று கடைசியில் மறக்காமல் எழுத வேண்டும், எழுதாதவர்களைக் கூப்பிட மாட்டார்கள். அனுப்பிய மனு குழுவின் ஆவணமாகிவிடும், ரகசியமாகக் காக்கப்படும். ஆகவே அனுப்பிய பிறகு அதை நம் பத்திரிகையில்கூட அப்படியே அச்சிட முடியாது. அதனால்தான் மேலே உள்ள கேள்விகளை இப்போதே எழுதி வைக்கிறேன்.

எங்கள் குழுவில் ஒரு முதல் படி எழுதி முடித்து, எங்கள் மூத்த தோழரிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். ஒரு வாரம் வைத்திருந்து நேற்றுத் திருப்பிக் கொடுத்தார். “என்னத்தையோ எழுதியிருக்கே” என்றார். முளைப்புத்திறன் என்று நான் இரண்டு வரியில் முடித்த இடத்தில், பேனாவால் மூன்று பக்கம் சேர்த்திருக்கிறார். எந்த ரகத்துக்கு எத்தனை நாள் உறக்கம் என்று, இருபது ரகத்துக்கு.